மக்கள் வழங்கும் பெயர்

டயர் கடைக்கு மேலே, வெயில் நேராக இறங்கும் தகரக் கூரைக்குக் கீழே, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உலகத்துக் களைகளுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கு ஏதோ பெரிய வேலை மாதிரி இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அப்படி ஒன்றுமில்லை. யாரோ எங்கேயோ ஒரு செடியைக் கண்டு, போனை நீட்டிப் படம் பிடித்து, இது என்ன என்று கேட்பார்கள். போனில் இருக்கிற செயலி ஒரு பெயரைச் சொல்லும். தன் பதிலில் செயலிக்கே நம்பிக்கை இல்லாவிட்டால் படம் இந்தக் கூரைக்கு வந்து சேரும். இங்கே இருப்பவர்கள் இலையையும் தண்டையும் பெரிதாக்கிப் பார்த்து, பட்டியலோடு ஒப்பிட்டு, சரி அல்லது தப்பு என்று அழுத்த வேண்டும். அழுத்தியதும் பதில், கேட்டவர் போனுக்குப் போய்விடும்.

பொதுஜனமும் லேசுப்பட்டதில்லை. பிளாஸ்டிக் பூவைப் படம் பிடித்து, இதற்கு எத்தனை நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விடவேண்டும் என்று கேட்பார்கள். சலூன் தரையில் கிடக்கும் முடியை அனுப்பி, இது என்ன பாசி என்பார்கள். ஒருவர் தன் மாமியார் படத்தை அனுப்பி 'விஷமுள்ளதா?' என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அந்தக் கூடமே சிரித்துத் தீர்த்தது. மற்ற நாட்களில் யாருக்கும் சிரிக்க நேரம் கிடையாது. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி விநியோகம் செய்யும்.

அங்கே ஓரத்து நாற்காலியில் இருந்தவளுக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் நாலு படம் முடிக்கிற நேரத்தில் அவள் ஒன்று முடிப்பாள். இலையின் ஓரம், நரம்பு, அடிப்பக்கத்து ரோமம் எல்லாம் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். பிழைக்கத் தெரியாதவள் என்று சொல்லலாம். ஆனால் அவள் பிழைக்கத்தான் அங்கே வந்திருந்தாள். அவள் கணவர் சொந்தமாகத் தகர மூடி அடிக்கும் பட்டறை வைத்திருந்தவர். இப்போது வேறொருவர் பட்டறையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அதட்டிக்கொண்டிருந்த மனிதர் அதட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

பட்டறை மூடியதற்குக் காரணம் அவர்களுடைய ஒரே பையன். மூடி அடிக்கும் அச்சு இயந்திரத்துக்குள் கையை விட்டு, அப்பாவின் தங்கை கணவர் சிக்கிய தகரத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, பையன் கவனிக்காமல் பொத்தானைத் தட்டிவிட்டான். ஒரு நொடி வேலைதான். மனிதருக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி நடையில், அத்தனை உறவுக்காரர்களுக்கும் முன்னால், அப்பா பையனைப் பார்த்து, இனிமேல் வீட்டுப் பக்கம் வராதே என்றார். கோபத்தில் சொல்கிற சொல்தான். எல்லார் வீட்டிலும் யாராவது யாரிடமாவது சொல்வதுதான். பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து போன் எடுக்கவில்லை. போலீசில் போய்ச் சொன்னதற்கு, இருபது வயசுப் பையன், தானாகப் போனவன் தானாக வருவான் என்றார்கள். மழைக்காலம் போய் வெயில் வந்து மறுபடி மழை தொடங்கியிருந்தது. அவன் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் நாற்காலிக்குத் திரும்பியபோது அடுத்த படம் திரையில் காத்திருந்தது. ஈரச் சுவர் ஓரம் ஒரு சின்னச் செடி. பிடுங்கி, கையில் பிடித்து எடுத்த படம். படத்தில் கை தெரிந்தால் 'கை' என்ற கட்டத்தில் குறி போடவேண்டும் என்பது விதி. கையைத் தள்ளிவிட்டுச் செடியை மட்டும் பார்க்க இயந்திரத்துக்கு அது உதவுமாம். குறி போடப் போனவள் கட்டைவிரலைப் பார்த்தாள். நகம் நடுவில் பிளந்து, இரண்டு பாதியாக வளர்ந்திருந்தது. பையன் பட்டறைக்குப் போன புதிதில் சுத்தியல் பட்டு அப்படி ஆன நகம்.

கீழே கேள்விக்கான இடத்தில் எழுதியிருந்தது: 'இது சும்மாச்செடியா? சாப்பிடலாமா?'

சும்மாச்செடி என்று ஒரு செடி எங்கும் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற வழியில் சின்ன வயதில் அவன் ஒவ்வொரு களையாக நின்று, இது என்னம்மா, அது என்னம்மா என்று உயிரை எடுப்பான். நேரமாகிறதே என்று அவள், 'அது சும்மா செடிடா, வா' என்று இழுத்துக்கொண்டு போவாள். அவன் அதையே பெயர் என்று நினைத்துக்கொண்டான். பரீட்சையில் தெரிந்த செடி ஐந்து எழுதச் சொன்னதற்கு அதையும் எழுதி, வாத்தியார் சிவப்பு மையில் சுழித்த தாளோடு வந்தான். அந்தச் சொல் அந்த வீட்டுக்கு வெளியே போனதில்லை.

அவள் திரையைத் தொட்டாள். தொட்டால் பெரிதாகும் திரை அது. விரல் பெரிதாயிற்று. நகக்கண்ணில் கறுப்பாக அழுக்கு. விரல் முட்டி எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

செடியைப் பற்றி இயந்திரத்துக்கு அதிகம் தெரியவில்லை. வாயில் நுழையாத தாவரவியல் பெயர் ஒன்றைப் போட்டிருந்தது. தமிழ்ப் பெயர் இல்லை. சாப்பிடலாமா என்பதற்கு எதிரே வெறுமையாக இருந்தது. பட்டியலைப் புரட்டினாள். அந்தச் செடியின் இனத்தில் கீரையாகச் சமைக்கிறதும் இருந்தது, ஆளைக் கொல்கிறதும் இருந்தது. இது எந்தப் பக்கம் என்று எழுதி வைக்க யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அழுத்த மூன்று பொத்தான்கள் இருந்தன: சாப்பிடலாம், சாப்பிடக்கூடாது, சொல்ல முடியாது. அவள் எதையும் அழுத்தாமல் 'ஒதுக்கிவை' என்பதை அழுத்தினாள். ஒதுக்கிய படத்துக்கு மறுநாள் வேலை முடிவதற்குள் பதில் போய்விட வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் கணவர் சாப்பிட உட்காரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ஒற்றை அறையும் சமையலுக்கு ஒரு மூலையுமாக இருந்தது வீடு. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சோற்றையும் பொரித்த முட்டையையும் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"சாப்பிட்டு முடிங்க. சொல்றேன்."

"இப்பவே சொல்லு. மென்னு முழுங்காத."

"பையன் கையப் பாத்தேன்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "எங்க?"

"ஆபீஸ்ல. படத்துல. ஒரு செடியப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். கட்டைவிரல் தெரியுது. அந்த நகம்."

"நகம் பிளந்தவன் ஊருல ஆயிரம் பேர் இருப்பான்."

"சும்மாச்செடியான்னு எழுதிக் கேட்டிருக்கான்."

அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே உதறினார்.

"எந்த ஊருல இருக்கான்?"

"தெரியாது. ஊரு பேரு எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் எங்களுக்கு அனுப்புவாங்க."

"பின்னால என்ன தெரியுது? கடை, போர்டு, பஸ்ஸு, எதாச்சும் இருக்குமே."

"சுவரு. ஈரமா இருக்கு."

"என்ன கலரு?"

"பாசி பிடிச்ச சுவருக்கு என்ன கலருங்க."

"இளைச்சிருக்கானா?"

"விரலப் பாத்து எப்படிச் சொல்றது" என்றாள். சொல்ல முடியும் என்று அவளுக்குத் தெரியும். "சாப்பிடலாமான்னு கேட்டிருக்கான்."

"பசியோட இருக்கான்."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா? வேற எதுக்குக் கேப்பான்?"

வேறு எதற்குக் கேட்பான் என்பது அவருக்குத் தானாகவே புரிந்தது. புரிந்ததும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்படியெல்லாம் பேசாத."

"நான் ஒண்ணும் பேசல. அவன்தான் பேசினான். போறதுக்கு முந்தின நாள் இதோ இந்த இடத்துல உக்காந்து, மாமா கை போனதுக்கு நான் போயிருக்கலாம்மான்னான். கை போயிருக்கலாம்னு சொல்லல. நான் போயிருக்கலாம்னான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்ற மாதிரியா நீங்க இருந்தீங்க?"

இதற்கு முன்னால் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் தெருவில் யாருக்கும் பயம் கிடையாது, வீட்டில் இருந்த இரண்டு பேருக்குத்தான் பயம். இன்றைக்கு அவர் கோபப்படவில்லை. அதுவே அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"சரி. நீ என்ன பதில் போடணும்?"

"அதான் தெரியல. சாப்பிடலாம்னு போட்டேன்னு வைங்க, பசியில பறிச்சுத் தின்னுடுவான். அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. கூடாதுன்னு போட்டா..."

"போட்டா?"

"அதைத் தேடுறவனா இருந்தா, நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். மறுபடி திறந்தார். "ரெண்டு வார்த்தை எழுத முடியாதா உன்னால? அம்மாடான்னு ஒரு வார்த்தை?"

"எழுத இடமே இல்ல. புதுச் செடின்னா பேர் எழுத ஒரு கட்டம் இருக்கு. மக்கள் வழங்கும் பெயர்னு. அவ்வளவுதான்."

"அதுல எழுதேன்."

"செடி பேர்தான் எழுதணுங்க."

"செடிக்கு என்ன பேர் வேணா இருக்கலாம்ல? தொட்டாச்சிணுங்கின்னு ஒரு செடிக்குப் பேர் இல்லையா? தொட்டா சிணுங்கும்னு ஒரு பேர் இருக்கலாம்னா, வீட்டுக்கு வான்னு ஏன் இருக்கக் கூடாது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வராதன்னு சொன்னவன் நான்தானே" என்றார். "வான்னு சொல்றதும் நான் சொன்னதாத்தான் இருக்கணும். வீட்டுக்கு வான்னே போடு. வேற மாத்தாத."

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. மறுபடி உட்கார்ந்து முட்டையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. அவளுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. இத்தனை நாள் அவரைத்தான் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் மேற்பார்வை பார்க்கிற பெண்ணின் மேசை முன்னால் நின்றாள். அந்தப் பெண்ணுக்குப் 'பச்சைவிளக்கு' என்று பெயர். யார் என்ன புதிதாக எழுதினாலும் கடைசியில் அவள் அழுத்தினால்தான் அது பச்சையாகி வெளியே போகும். நேரில் எல்லாரும் மேடம் என்பார்கள். வயசு என்னவோ நிதானத்தின் பையனைவிட நாலைந்து கூட இருக்கும், அவ்வளவுதான்.

"மேடம், ஒரு படம் எங்கேருந்து வந்துதுன்னு பாக்க முடியுமா?"

"முடியாதேக்கா. நமக்கு வரும்போதே துடைச்சிட்டுத்தான் வரும். ஏன்?"

"என் பையன் அனுப்பினது."

பச்சைவிளக்கு எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். பையன் காணாமல் போனது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். "உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"மேல எழுதிக் கேக்குறேன். ஆனா ஒண்ணுக்கா, நம்பிக்கை வைக்காதீங்க."

மேலிடம் எங்கே இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. பதில் மட்டும் டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. பயனாளர் விவரம் எக்காரணம் கொண்டும் தரப்படாது; பணியாளர் பயனாளரைத் தொடர்புகொள்ள முயல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. பச்சைவிளக்கு அதை இரண்டு தரம் படித்துவிட்டுத் திரையை அணைத்தாள். "எனக்கு வேற வழி தெரியலக்கா" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

நிதானம் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மக்கள் வழங்கும் பெயர் என்ற கட்டத்தில் 'வீட்டுக்கு வா' என்று அடித்தாள். பெயர்களில் இடைவெளி வரக்கூடாது என்று கட்டம் சிவப்பாயிற்று. சேர்த்து அடித்தாள். வீட்டுக்குவா. எழுத்துப் பிழை பார்க்கிற இயந்திரம், 'வீட்டுக்குப்பையா?' என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினாள்.

புதுப் பெயருக்கு இன்னும் மூன்று பேர் சம்மதம் வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரியின் திரையில் அது போய் விழுந்தது.

"இது என்னக்கா பேரு? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க."

பக்கத்து நாற்காலிக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள், திரையில் இருந்த விரலைப் பார்த்தாள். "ஆமா, எங்க பக்கமும் அப்படித்தான்" என்று சொல்லி அழுத்தினாள். அவளுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவளும், ஜன்னலோரத்தில் இருந்தவளும் ஒரு கேள்வியும் கேட்காமல் அழுத்தினார்கள். பச்சைவிளக்கு வாசல் பக்கம் பார்த்தபடியே, "நான் இதைப் படிக்கலக்கா" என்றாள். பெயர் பச்சையாயிற்று.

மீதி இருந்தது அந்த மூன்று பொத்தான்கள். பொய் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. உண்மை அவளிடம் இல்லை. சொல்ல முடியாது என்பதை அழுத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அது சந்து பொந்தெல்லாம் முளைக்கிற களை. ஆகவே சீக்கிரமே மற்றவர்கள் படம் பிடித்தபோதும் செயலி அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கியது. ஜனங்கள் குறிப்பு எழுதினார்கள். 'அருமையான பெயர். யார் வைத்தது?' என்றார் ஒருவர். 'விடுதி வாசலில் முளைத்திருக்கிறது. பெயரைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். எங்கெங்கேயோ இருக்கிற பிள்ளைகளையெல்லாம் அந்தச் செடி வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படத்திலும் அவள் கையைத்தான் முதலில் பார்த்தாள். வளையல் போட்ட கை, மருதாணிக் கை, சுருக்கம் விழுந்த கை. அவள் தேடிய விரல் இல்லை.

வீட்டில் அவர் ஆளே மாறிப்போனார். வேலை விட்டு நேராக வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். பையன் படுக்கிற கட்டிலில் குவிந்திருந்த துணியையெல்லாம் எடுத்து மடித்தார். ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்குத் தகரம் வைத்து அடித்தார். அவள் உள்ளே நுழைந்ததும், "வந்துதா?" என்பார். இல்லை என்றால், "பாத்திருக்க மாட்டான். போன்ல சார்ஜ் இருக்காது" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார். அவள் மறுத்துப் பேசமாட்டாள். போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பெயர்களின்மேல் யாராவது ஆட்சேபம் தெரிவித்தால், அந்தப் பெயரை எழுதியவருக்கே அது திரும்பி வரும். செடியை இன்னொரு படம் எடுத்து அனுப்பினால்தான் ஆட்சேபத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒரு நாள் காலையில் நிதானம் திரையைத் திறந்தபோது ஆட்சேபம் ஒன்று வந்து கிடந்தது.

அதே ஈரச் சுவர். அதே கட்டைவிரல். உயிரோடு இருக்கிறான். விரலுக்கு நடுவே இருந்த இலையில் பாதியைக் காணோம். பூச்சி தின்றதா, அவன் தின்றதா, படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பெயர் என்ற இடத்தில் வீட்டுக்குவா. அதற்குக் கீழே, ஏன் ஆட்சேபிக்கிறீர்கள் என்பதற்கு, செயலி தருகிற காரணங்கள் வரிசையாக இருந்தன. தவறான செடி. எழுத்துப் பிழை. புழக்கத்தில் இல்லாத பெயர். மிரட்டும் சொல்.

அவன் கடைசியில் இருந்ததற்கு நேராகக் குறி போட்டிருந்தான்.

பச்சைவிளக்கு பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. மிரட்டல் என்று வந்தால் மேற்பார்வைக்கும் மணி அடிக்கும்.

"இதுல என்னக்கா மிரட்டல் இருக்கு?"

நிதானம் திரும்பவில்லை. "பட்டறையில எங்க வீட்டுக்காரர் சொல்றதுங்க அது. மூடி கோணலா விழுந்தா, அளவு தப்பிப்போனா, ஆளுங்க முன்னால பையனை அடிக்க மாட்டார். வீட்டுக்கு வான்னு மட்டும் சொல்லுவார். மிச்சம் வீட்டுக்கு வந்தப்புறம்தான்."

"தெரிஞ்சுமா அதை எழுதினீங்க?"

"அன்னைக்கு அவர் அழுற மாதிரி சொன்னார். எனக்குப் பழசு காதுல விழல. பையனுக்கு எழுத்துதானே போய்ச் சேந்துச்சு. அவர் குரல் போய்ச் சேரலையே."

மிரட்டும் சொல்லுக்கு ஓட்டெடுப்பு கிடையாது. உடனே நீக்கவேண்டும். நீக்கு என்ற பொத்தான் அவள் திரையில்தான் இருந்தது. வேறு பெயர் எழுதிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சும்மாச்செடி, அம்மா, எதையாவது. ஆட்சேபத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்தப் பயனாளர் தன் கணக்கை மூடிவிட்டார். இனி என்ன எழுதினாலும் அவன் போனுக்குப் போகாது. அவள் அழுத்தினாள். பக்கத்து நாற்காலிக்காரி அவள் முதுகில் கை வைத்தாள். அடுத்த படம் வந்தது. யாரோ ரோஜாத் தொட்டியை அனுப்பி, இது ரோஜாவா என்று கேட்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்துதான் இருந்தது. அவர் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வந்துதா?"

"வந்துது."

அவர் எழுந்துவிட்டார். "பாத்தானா? எழுதினதைப் பாத்தானா?"

"பாத்துட்டான்."

"நல்லா இருக்கானா?"

"இருக்கான்."

"அது நான் சொன்னதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுதா? நீயா எழுதினதுன்னு நினைச்சிருப்பானோ?"

அவள் செருப்பைக் கழற்றினாள். தோள் பையை ஆணியில் மாட்டினாள். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றாள். "நீங்க சொன்னதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டான்."

அவர் முகத்தில் வெகுநாளாக இல்லாத ஒரு சந்தோஷம் வந்தது.

"அப்ப வந்துடுவான்" என்றார்.

அவள் அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள். அவர் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தார்.